அவலம் யாருக்குச் சொந்தம்?

சில வாரங்களுக்கு முன் கியா பார்மில் ஓர் இலக்கியக் கூட்டம் நடந்தது. கூட்டமென்றால் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியும் கொண்ட பெருங்கூட்டமன்று. காய்கறிச் சந்தைக்கு மேலே, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலைக்குச் சமீபத்தில், அன்பர் ஒருவர் வீட்டு முன்கூடத்தில் முப்பது பேர் கம்பளிச் சட்டையும் போர்வையுமாக உட்கார்ந்திருந்தோம். பட்டணத்திலிருந்து வந்திருந்த பண்டிதர் ஒருவர், இலக்கியத்தில் துன்பியல் என்னும் பொருள் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். படித்தவர், பேச்சும் நயமாகவே இருந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: துன்பியல் என்பது கிரேக்கர் கண்ட சரக்கு, தமிழனுக்கு அது கிடையாது. ஏனெனில் தமிழன் வினையையும் மறுபிறப்பையும் நம்புகின்றவன். அவனுடைய கதைகள் யாவும் சுவர்க்கத்தில் முடிகின்றன. மேலும் துன்பியலுக்கு உரிய தலைவன் உயர்ந்தோனாக இருத்தல் வேண்டும். சாமானிய மக்கள் படும் பாடு துயரமாகுமேயன்றித் துன்பியலாகாது.

கேள்வி நேரம் வந்தபோது பின்வரிசையிலிருந்த ஓர் அம்மையார் எழுந்தார். வயது 83. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த கை.

"தம்பி, எங்கப்பாரு சயாமுக்குப் போனவரு. திரும்பி வரல. செத்தாரா இருக்காரான்னு ஒரு காயிதமும் வரல. எங்காத்தா கடைசி வரைக்கும் தாலியக் கழட்டல. நீங்க சொல்ற கணக்குல இது எதுல சேரும்?"

பண்டிதர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அது விதிம்மா. துயரம்னு சொல்லலாம். துன்பியல்னு சொல்ல இலக்கணம் எடம் கொடுக்காது" என்றார். அம்மையார் உட்கார்ந்துவிட்டார். தேநீர் வந்தது, கூட்டம் கலைந்தது.

அந்தப் பண்டிதர்மேல் நமக்குத் துவேஷம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் சொன்ன விடையை நாம் சும்மா விட்டுவிட முடியாது. ஏனென்றால் அது அவர் ஒருவருடைய விடையன்று. நூறு மேடைகளில் சொல்லப்படுவதும், நமது பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதிக்கப்படுவதும், நமது பத்திரிகைகள் நாள்தோறும் வேறு வார்த்தைகளில் அச்சிடுவதும் அதுவேயாகும். இரண்டு சொற்களுக்குள் ஒரு மனிதனுடைய சாவை அடக்கி, அதைச் செய்தவனைத் தப்பவிடும் வித்தை அதில் இருக்கின்றது.

முதலில் கிரேக்கரை எடுத்துக்கொள்வோம். அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் கவிதையியல் என்னும் நூலில் துன்பியலுக்கு இலக்கணம் வகுத்தார் என்பது மெய். பார்ப்போர் மனத்தில் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்ப வேண்டும் என்றார். தகாத துன்பம் ஒருவனுக்கு வந்தால் இரக்கம் பிறக்கும். அவன் நம்மைப் போன்றவனாயிருந்தால் அச்சம் பிறக்கும் என்றார். தலைவன் முற்றும் நல்லவனாகவும் வேண்டாம், கயவனாகவும் வேண்டாம். பேரும் புகழும் உடையவனாய் ஏதோ ஒரு தவறினால் வீழ வேண்டும் என்றும் சொன்னார். பண்டிதர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாயத்துப் போல் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகின்றார்கள். அரிஸ்டாட்டில் பிறப்பதற்கு முன்பே அதே ஆதென்ஸ் நகரத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். கி.மு. 416இல் ஆதென்ஸ் படை மெலோஸ் என்னும் சிறு தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த ஆண்டில் யூரிப்பிடிஸ் என்னும் நாடகாசிரியர், தோற்றுப்போன திராய் நகரத்துப் பெண்கள் அடிமைகளாகக் கப்பலேறக் காத்திருப்பதை நாடகமாக்கி, வென்ற ஆதென்ஸ் குடிகளின் முன்னாலேயே ஆடச் செய்தார். அந்த நாடகத்தில் போர் இல்லை; வீரச்செயல் இல்லை. கணவனையும் பிள்ளையையும் இழந்த பெண்கள், யாருக்கு யார் அடிமையாகப் போகின்றார்கள் என்று பெயர் கூப்பிடப்படும் வரையில் புலம்புகின்றார்கள், அவ்வளவுதான். அரசியாயிருந்தவளும் அங்கே அடிமையே. புலம்பல் துன்பியலாகாது என்று அந்த நாட்டார் அவரைத் தடுத்ததாகத் தெரியவில்லை. நமது பண்டிதருக்கு மட்டும் எங்கிருந்து இந்த இலக்கணம் கிடைத்தது?

1949ஆம் ஆண்டில் ஆர்தர் மில்லர் என்னும் அமெரிக்க நாடகாசிரியர், ஊர் ஊராய்ச் சரக்கு விற்றுத் திரிந்து ஓய்ந்துபோன ஒரு விற்பனையாளனைத் தலைவனாக வைத்து நாடகம் எழுதினார். அரசர்களுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை சாமானியனுக்கும் துன்பியலில் உண்டு என்று அதே ஆண்டில் தனிக் கட்டுரையும் எழுதினார். மேல்நாட்டார் தாங்கள் போட்ட வேலியைத் தாங்களே பிடுங்கிவிட்டார்கள். நாம் அந்த முள்ளைப் பொறுக்கிக்கொண்டு வந்து நமது லயத்துக்கு முன்னால் நடுகின்றோம்!

நிற்க. தமிழுக்கு வருவோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்தெந்தக் காரணத்தால் பிறக்கும் என்று நான்கு நான்காய்ப் பகுத்திருக்கின்றார். அழுகைக்கு அவர் கொடுத்த காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியனாக்கப்படுதல். இழவு என்பது உயிரையோ பொருளையோ இழத்தல். அசைவு என்பது முன்னிருந்த நல்ல நிலையினின்றும் தாழ்ந்து வருந்துதல். வறுமைக்கு உரை வேண்டுவதில்லை. இந்த நான்கையும் கிரேக்கருடைய இலக்கணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயர்ந்தோன் வீழ்வது என்பது இங்கே அசைவு என்னும் ஒரு கூறு மட்டுமே. மற்ற மூன்றுக்கும் அரசனும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். இகழப்பட்டவன், இழந்தவன், இல்லாதவன் ஆகிய மூவரையும் அழுகைக்கு முழு உரிமையாளராக அவர் உட்கார வைத்திருக்கின்றார். தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் நிறுத்திவைத்து வையப்படுகின்றவனுடைய இளிவும், பசித்தவனுடைய வறுமையும் இலக்கியத்துக்குப் பொருளாகா என்று சொல்ல, தொல்காப்பியம் படித்தவருக்கு நாவெழலாமா?

சிலப்பதிகாரம் ஒன்றே போதும், தமிழில் துன்பியல் இல்லை என்னும் வாயை அடைப்பதற்கு. அதிலும் நாம் கண்ணகியைச் சொல்ல வரவில்லை. பாண்டியனைச் சொல்ல வருகின்றோம். பண்டிதர் விரும்பும் கிரேக்க அளவுகோலையே எடுத்து அவனை அளந்து பார்க்கட்டும். அவன் உயர்ந்தோன். கயவனல்லன். ஊடல் கொண்டு எழுந்துபோன தேவியைத் தணிக்கப் போகும் அவசரத்தில், வழியில் வந்து விழுந்த பொற்கொல்லன் வார்த்தையை விசாரியாமல் நம்பி ஓர் ஆணையிட்டுவிடுகின்றான். அந்த ஒரு நொடித் தவறு ஓர் உயிரைக் குடிக்கின்றது. பிறகு சிலம்பு உடைகின்றது. தன் தேவியின் சிலம்பில் இருக்க வேண்டிய முத்து இல்லை, மாணிக்கம் தெறிக்கின்றது. அந்தக் கணத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடுகின்றது. கள்வன் தானே என்று ஏற்றுக்கொண்டு சிங்காதனத்தினின்றும் விழுந்து மாள்கின்றான். தவறு, தெளிவு, வீழ்ச்சி ஆகிய மூன்றும் ஒரே அறைக்குள் ஒரு நாழிகைக்குள் நடந்து முடிவதை உலகத்து இலக்கியங்களில் எத்தனை இடத்தில் காட்டுவார்கள்?

ஆனால் இதே காப்பியத்தில் நமது வியாதியும் இருக்கின்றது. அதையும் மறைக்கலாகாது. அரசனே குற்றம் தன்னுடையது என்று சொல்லி உயிரைக் கொடுத்துவிட்டான், விவகாரம் தீர்ந்தது. அதற்குப் பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நின்று ஒரு பழங்கதை சொல்லுகின்றது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய்க் கலிங்க நாட்டில் இருந்தான், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான், சங்கமன் மனைவி நீலி சபித்தாள், அந்தச் சாபமே இப்பொழுது பலித்தது என்கின்றது. யார் கேட்டார்கள் இந்தக் கதையை? அரசன் கேட்கவில்லை, அவன் செத்துப்போனான். கண்ணகியும் கேட்கவில்லை, அவள் நீதி கேட்டாள், கிடைக்கப்பெற்றாள், ஊரையும் எரித்தாள். இந்தக் கதையை நம்பினால் பாண்டியன் தவறு செய்தவனில்லை. நீலியின் சாபத்துக்கு அவன் ஒரு கருவி. பொற்கொல்லனும் கருவி. எல்லோரும் கருவி, எவனும் குற்றவாளியில்லை! இளங்கோவடிகள் அரசியல் பிழைத்தவனை அறமே கொல்லும் என்பதையும் ஊழ்வினை விடாது என்பதையும் ஒரே மூச்சில் தம் நூலின் பொருளாக வைத்துக்கொண்டார். முதலாவது உண்மையானால் இரண்டாவதற்கு என்ன வேலை என்று 1,500 ஆண்டுகளாக நாம் கேட்காமலிருப்பதுதான் ஆச்சரியம்.

இந்த வித்தை பெருங்காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. நமது தோட்டங்களில் எல்லைக் கோயிலில் நிற்கும் மதுரைவீரனைப் பாருங்கள். மலாயாத் தோட்டங்களுக்கு நம் பாட்டன்மார் பாய் சுருட்டிக்கொண்டு வந்தபோது கூடவே வந்த தெய்வம் அவன். பெரிய தோட்டமோ சின்னத் தோட்டமோ, ஒரு மரத்தடியில் அவன் வாளோடு நிற்பான். அவன் கதை என்ன? சக்கிலியர் குடியில் வளர்ந்தவன், பாளையக்காரன் மகள் பொம்மியைக் காதலித்துக் கூட்டிக்கொண்டு போனான். மதுரையில் கள்ளரை அடக்கினான். அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளை விரும்பினான். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தான். இதைக் கேட்டவுடன் எவனுக்கும் நெஞ்சு கொதிக்க வேண்டும். கொதித்துத்தான் ஜனங்கள் அவனுக்குக் கோயில் கட்டினார்கள். அநியாயமாய்க் கொல்லப்பட்டவனைச் சாமியாக்குவது என்பது, அந்தச் சாவை நாங்கள் ஒப்பவில்லை என்று ஏழை ஜனங்கள் கல்லில் எழுதிவைத்த மறுப்பேயாகும். அந்த மட்டில் நாம் அந்தக் கோயிலை மதிக்கின்றோம். நமது இயக்க நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்றும் தெரியும்.

ஆனால் கதையை யாரோ திருத்தினார்கள். வீரன் உண்மையில் சக்கிலியன் இல்லையாம். காசி ராஜனுடைய பிள்ளையாம். கொடி சுற்றிப் பிறந்தான் என்று காட்டிலே விடப்பட்டவனாம். இந்த ஒட்டு எதற்கு? பாளையக்காரன் பெண்ணைத் தொட்டவன் ராஜகுமாரன்தான், ஆகையால் குலம் கெடவில்லை என்று சொல்வதற்கு. 1956இல் வந்த மதுரைவீரன் சினிமாவும் இந்த ஒட்டை அப்படியே வைத்துக்கொண்டது. முத்துப்பட்டன் கதையில் பிராமணன் ஒருவன் சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, பூணூலை அறுத்தெறிந்து, மாமனார் வீட்டு மாட்டைக் காக்கப் போய்ச் சாகின்றான். அங்கேயும் அந்தப் பெண்கள் பிறப்பால் உயர்ந்தவர்களே என்று ஒரு ஒட்டு. இக்கதைப் பாடல்களைத் தேடிப் பதிப்பித்த நா. வானமாமலை, இவை பின்னால் செருகப்பட்டவை என்று எடுத்துக் காட்டியிருக்கின்றார். நந்தனை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவன் தில்லைக்குள் நுழைய வேண்டுமானால் நெருப்பில் மூழ்க வேண்டியிருந்தது. மூழ்கியவன் பூணூலோடு முனிவனாய் எழுந்தானாம். நெருப்பில் இறங்கிய மனிதனை நாம் பார்ப்பதற்குள் கண்ணைக் கட்டிவிட்டார்கள்.

இது நமக்கு மட்டுமே வந்த நோயென்று நினைக்க வேண்டாம். வான்மீகத்தின் கடைசியில் சீதை மண்ணுக்குள் போகின்றாள். பவபூதி அதைப் பொறுக்கமாட்டாமல் உத்தரராம சரிதத்தில் இராமனையும் சீதையையும் சேர்த்து வைத்து மங்களம் பாடிவிட்டார். ஷேக்ஸ்பியருடைய லியர் அரசன் நாடகத்தை 1681இல் நாகம் டேட் என்பவர் திருத்தி, சாக வேண்டிய மகளை வாழ வைத்து, கலியாணமும் செய்துவைத்தார். இங்கிலாந்து மேடை சுமார் நூற்றைம்பது ஆண்டுகாலம் அந்த ஒட்டுப்போட்ட நாடகத்தையே ஆடிக்கொண்டிருந்தது. 1838இல்தான் மூலத்துக்குத் திரும்பியது. அவர்கள் திரும்பினார்கள். நாம் எப்பொழுது திரும்பப் போகின்றோம்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபனை உண்டு. "ஏழைக்கு ஆறுதல் வேண்டாமா? விதி என்று சொல்லிக்கொண்டால் மனம் ஆறுகின்றதே. அதையும் பிடுங்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அன்று இரவு தூங்குவதற்காக விதி என்று சொல்லிக்கொண்டால் அவளிடம் போய்த் தர்க்கம் செய்கின்றவன் மனிதனல்லன். நாம் அவளைச் சொல்லவில்லை. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தையை, வண்டியோட்டியவனும், மலையை வெட்டியவனும், கணக்கெழுதியவனும் எடுத்து அவளுக்கே திருப்பிச் சொல்வதைத்தான் நாம் சொல்லுகின்றோம். அவள் வாயில் அது மருந்து. அவர்கள் வாயில் அது விடுதலைப் பத்திரம்.

நமது மலையிலேயே உதாரணம் வேண்டுமானால் ரிங்லெட்டுக்குக் கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கை நினைத்துப் பாருங்கள். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி பொழுது விடிவதற்கு முன், பெருமழையில் நிரம்பிய சுல்தான் அபூபக்கர் அணையிலிருந்து நீர் திறந்து விடப்பட்டது. சேறும் வெள்ளமும் ஆற்றோரத்து வீடுகளை வாரிக்கொண்டு போயின. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மாண்டார்கள். பத்திரிகைகளைத் திறந்தால் இயற்கைச் சீற்றம், துயரச் சம்பவம், விதியின் விளையாட்டு! மழை இயற்கைதான். ஆனால் 1963இலிருந்து இருக்கும் அந்த அணையின் வயிற்றை வண்டல் மண் நிரப்பியது எப்படி? மேலே மலைச்சரிவுகளைக் காடழித்து வெட்டிப் பிளாஸ்டிக் கூரை போட்டுக் காய்கறியும் பூவும் வளர்த்ததனால் சரிந்த மண்ணல்லவா அது? கியா பார்மில் நின்றுகொண்டு நாலு திசையும் கண்ணை ஓட்டுகின்ற எவனுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அனுமதியின்றி நிலம் வெட்டப்பட்டது என்று அதிகாரிகளே அப்பொழுது சொன்னார்கள். மனிதன் கை பட்ட இடத்தில் இயற்கை என்று எழுதுவது எழுத்தாளனுடைய வேலையா? மழையில் மரம் விழுந்து ஒருவன் செத்தால் அது கேடு. வெட்டக்கூடாத மலையை வெட்டி ஒருவன் செத்தால் அது அநீதி. வேறு வழியில்லாமலோ அறியாமலோ ஒருவன் செய்த காரியம் தன்னையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் அழித்து, அதை அவன் கண் திறந்து பார்க்கும்படி நேர்ந்தால் அது அவலம்; பண்டிதர் சொல்லும் துன்பியல். மூன்றுக்கும் துயரச் சம்பவம் என்று ஒரே முத்திரையைக் குத்துகின்றவன் மொழிக்கும் துரோகம் செய்கின்றான், செத்தவனுக்கும் துரோகம் செய்கின்றான்.

இப்பொழுது அந்த அம்மையாருடைய கேள்விக்கு வருவோம்.

1942இலும் 1943இலும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோ மீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தன. மலாயாவிலிருந்து இதற்குக் கொண்டுபோகப்பட்ட தொழிலாளிகள் 70,000 பேருக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி முதலில் அழைத்தார்கள். சொல்லுக்கு ஆள் சேராதபோது தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கேட்டார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, வெளியே லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு. சாமான் வண்டியில் அடைத்துப் பான்பொங் வரையில் கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடத்தினார்கள். வாந்திபேதியும், மலேரியாவும், சீதபேதியும், கால் அழுகும் புண்ணும் அவர்களைத் தின்றன. போருக்குப் பின் கிடைத்த கணக்கில் மலாயாத் தொழிலாளிகள் இறந்ததாக எழுதப்பட்டது சுமார் 30,000. இன்னும் 20,000 பேருக்கு மேற்பட்டவர்களுக்கு எதிரே எழுதப்பட்டிருந்த சொல் எது தெரியுமா? "ஓடிப்போனவர்." புலியும் பேதியும் நிறைந்த காட்டில், ஆயிரம் மைலுக்கு அப்பால், அவர்கள் எங்கே ஓடிப்போனார்கள்? ஓடிப்போனவன் என்றால் குற்றம் அவனுடையதாகிவிடுகின்றது. கொன்றவன் கையில் மசிகூட ஒட்டாது.

அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேரில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் பட்டதும் கொடுமையே. அதில் நமக்குச் சந்தேகமில்லை. காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாய் இருக்கின்றன. புல் வெட்டி, பூச்செடி வைத்து, கல்லில் பெயரும் வயதும் எழுதிக் காப்பாற்றுகின்றார்கள். தமிழனோ மூங்கில் புதருக்குள்ளும் தகனக் குழிக்குள்ளும் போனான், எண்ணாக மிஞ்சினான்.

1957இல் இந்தப் பாதையைப் பற்றிக் குவாய் நதிப் பாலம் என்னும் ஆங்கிலப் படம் வந்தது. உலகமே கொண்டாடிற்று, ஏழு ஆஸ்கார் பரிசுகளும் பெற்றது. அதில் ஆங்கிலேயக் கர்னல் ஒருவர், தமது படையின் கௌரவத்தைக் காப்பதாக எண்ணி எதிரிக்கே நல்ல பாலம் கட்டிக்கொடுத்து, கடைசி நிமிஷத்தில் தான் செய்தது என்னவென்று தெளிந்து சாகின்றார். அரிஸ்டாட்டில் உயிரோடிருந்தால் கை தட்டியிருப்பார். நாமும் தட்டத்தான் செய்தோம். ஆனால் இலங்கையின் கித்துல்கலையில், தேயிலை மலைகளுக்குப் பக்கத்திலேயே பிடிக்கப்பட்ட அந்தப் படத்தில், ரயில் பாதையில் செத்த தமிழ்த் தொழிலாளியைத் தேடினாலும் காண்பதற்கில்லை. வெள்ளை அதிகாரியின் மனச்சாட்சிக்கு ஒரு பாலம் முழுக்கக் கிடைத்தது. 30,000 பேருக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை. உயர்ந்தோனுக்கே துன்பியல் என்று பண்டிதர் சொல்வது இந்தக் கணக்கைத்தான் என்பதை அவர் அறிந்துதான் சொன்னாரா?

வெள்ளைக்காரனை மட்டும் வைது பயனில்லை. நாம் என்ன எழுதினோம்? பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடினார். புதுமைப்பித்தன் 1930களில் துன்பக்கேணி என்னும் கதையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை எழுதினார். மலாயாவின் சயாம் சாவுகள் தமிழில் நாவலாக எழுந்து பேரெடுக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில் 1993இலும், அ. ரெங்கசாமியின் நினைவுச் சின்னம் 2005இலும் வந்தன. இந்த இரண்டு நூல்களையும் தோட்டத்திலும் பட்டணத்திலும் எத்தனை வீடுகளில் காணலாம்? துன்பியலைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிய பண்டிதர் இந்த இரண்டு பெயர்களையும் ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. ஈடிபஸ் அரசனை நாலு தடவை சொன்னார், நாம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

மேலும் ஒன்று சொல்ல வேண்டும், கசப்பாயிருக்கும். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று உத்தரவு வந்தபோது, இந்தத் தலையா அந்தத் தலையா என்று செக்ரோலைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் ஜப்பானியன் அல்லவே! அவனுக்கு நம்மவன் பெயர் வாயில் நுழையாது. கிராணியும் கங்காணியும் இருந்த தோட்டத்தில் பெயர் யார் வாயிலிருந்து வந்திருக்கும்? கொடுக்காவிட்டால் தன் தலை போகும். கொடுத்தால் பக்கத்து லயத்துப் பிள்ளை போகும். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவான் என்று மெய்யாகவே நம்பியும் எழுதியிருக்கலாம். எழுதிய கை பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்சாதி பிள்ளைகளின் முகத்தில் விழித்திருக்க வேண்டும். தவறும் தெளிவும் வீழ்ச்சியும் கூடிய துன்பியல் வேண்டுமென்று தேடுகின்ற எழுத்தாளர்களே, கிரேக்க நாட்டுக்குக் கப்பலேற வேண்டாம்; அந்தச் செக்ரோலைத் திறந்து பாருங்கள். அதில் வில்லனும் இல்லை, விதியும் இல்லை. பயந்த ஒரு மனிதனும், ஒரு பேனாவும், ஒரு பெயரும் இருக்கின்றன.

கணவன் இறந்த செய்தி வராத பெண்ணின் நிலையையும் நமது இலக்கணக்காரர்கள் யோசிக்கட்டும். பாண்டியனுக்குச் சிலம்பு உடைந்து உண்மை தெரிந்தது. கண்ணகிக்கு வெட்டுண்ட உடலாவது கிடைத்தது. எடுத்துத் தழுவி அழுதாள். இவளுக்குத் தழுவ உடலில்லை, நாளில்லை, ஆதலால் கருமாதியில்லை, திதியில்லை. செத்தான் என்று நம்பித் தாலியை அறுத்தால் அவனைத் தானே கொன்றது போலாகும். அறுக்காவிட்டால் ஆயுள் முழுக்கச் சுமங்கலியென்னும் பொய்யைச் சுமக்க வேண்டும். தொல்காப்பியர் சொன்ன இழவும் வறுமையும் ஒருத்தியிடத்தில் சேர்ந்திருக்கின்றன. ஓடிப்போனவன் பெண்சாதி என்று ஊர் சொன்னால் இளிவும் சேர்ந்தது. இதற்கு இலக்கணம் இடந்தராது என்றால், திருத்த வேண்டியது எதை?

கூட்டம் முடிந்த மறுநாள் காலை நாம் அந்த அம்மையாரைத் தேடிப் போனோம். சந்தைக்குப் பின்னால் பேரன் வீட்டில் இருக்கின்றார். பனி இன்னும் விலகவில்லை. தாயார் பாடிய ஒப்பாரி நினைவிருக்கின்றதா என்று கேட்டோம். "செத்தவங்களுக்குத்தானே தம்பி ஒப்பாரி? எங்காத்தா அப்பாருக்குப் பாடினதே இல்ல. மத்தவங்க வீட்டுச் சாவுக்குப் போய்ப் பாடும். அங்க போய்த்தான் அழும்" என்றார்.

தகப்பனார் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். தாயார் புருஷன் பெயரைச் சொல்லாத காலத்துப் பெண். ஆகையால் மகளுக்கே அந்தப் பெயர் பத்து வயதுக்குமேல், வேறொருவர் சொல்லித்தான் தெரிந்ததாம். பத்திரிகையில் போடலாமா என்றோம். வேண்டாம் என்றார். வருகிற திருவிழாவில் தோட்டத்துப் பிள்ளைகள் நல்லதங்காள் நாடகம் போடுகின்றார்களாம். ஏழு பிள்ளைகளும் கிணற்றிலிருந்து சாமி புண்ணியத்தில் எழுந்து வருகின்ற கட்டத்துக்குப் பிறகு, மேடையில் அந்தப் பெயரை ஒரு தடவை சத்தமாய் வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

அந்த நாடகத்தை நடத்துகின்ற இளைஞரிடம் பேசினோம். பெயரை வாசிக்க ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் கிணற்றிலிருந்து எழுந்து வருகின்ற கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டோம். ஜனங்கள் கோபித்துக்கொள்வார்களே என்று தயங்குகின்றார். அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கின்றோம்.